நல்ல தண்ணி கேட்ட புதன்கிழமை

தாம்பரத்துக்குக் கிழக்கே வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வாடகையை அல்ல. "தண்ணி எப்படிங்க?" என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்காரர் "நல்ல தண்ணிங்க" என்று சொல்லிவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பினால் அது உப்புத் தண்ணீர் என்று அர்த்தம். சேலையூரில் ஹில்டா குடியிருக்கும் வீட்டிலும் அதுதான். வாளி வெளுத்திருக்கும், குழாய் மூக்கில் சுண்ணாம்பு பூத்திருக்கும், தலைமுடி தேங்காய் நாராகும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கிளம்பிப் போய், உப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத தண்ணீரைத் தயார் செய்து வைப்பதுதான் அவளுடைய உத்தியோகம். கடவுளுக்குக் குசும்பு அதிகம்.

வேங்கைவாசல் பக்கத்தில், ஒரு பிளைவுட் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருக்கிறது அந்த ஆராய்ச்சிக்கூடம். புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றின் உள் விவகாரங்களைத் துருவிப் பார்க்கிற இடம். ஹில்டா அங்கே டெக்னீஷியன். பதினாறு வருஷ சர்வீஸ். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மெஷினைப் பார்த்துக்கொள்வது, அந்தத் தண்ணீரில் உப்புகளையும் மருந்துகளையும் அளந்து கலந்து சோதனைகளுக்கு வேண்டிய கரைசல்களைச் செய்து வைப்பது, எதைச் செய்தாலும் ரிஜிஸ்டரில் எழுதுவது. இந்தக் கரைசல்களை லேபில் பஃபர் என்பார்கள். பஃபர் கலக்கும் முன், கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும் ஒரு சின்ன மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் சுத்தம். அப்புறம் ரிஜிஸ்டரில் ஒரு டிக். ஹில்டா போட்ட டிக்கை அங்கே யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

அவளுக்கு இன்னொரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில், "தண்ணியை மந்திரிச்சா எடை கூடுமா சிஸ்டர்?" என்று கேட்டு வராந்தாவில் நிற்க வைக்கப்பட்டவள். வயது நாற்பத்தாறு ஆகியும் அந்த வியாதி தீரவில்லை. அவள் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. அதனால் இந்த வேலையில் அவளுக்கு இருந்த ஈடுபாட்டுக்குக் கண்ணீர்க் கதை எதுவும் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆசைக்குத் தீனி போட்டவள் திரிபுரசுந்தரி. லேபில் விஞ்ஞானி, முப்பத்தைந்து வயது, மேடவாக்கத்திலிருந்து வருகிறவள். மற்றவர்கள் "ஹில்டா, பஃபர் ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சுந்தரி மட்டும் "அக்கா" என்று கூப்பிட்டு, டீ நேரத்தில் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, தான் தேடுவது என்னவென்று சொல்வாள்.

"கட்டி ஒரே எடத்துல இருந்தா பாதிப் பிரச்சினை இல்லக்கா. வெட்டி எடுத்துடலாம். அதுலேர்ந்து சில செல் மட்டும் கெளம்பி வேற எடத்துக்குப் போயிடுது பாருங்க, அதான் பெரும்பாலும் ஆளைக் கொல்லுது."

"கெளம்புன்னு அதுக்கு யாரு சொல்றது?"

"அதைத்தானே மூணு வருஷமா தேடிட்டிருக்கேன்."

சுந்தரியின் சந்தேகம் இரண்டு புரதங்கள் மேல். ஒன்று மிகச் சிறியது. பரவுகிற கட்டிகளில் அது அளவுக்கு மீறி இருக்கும். இன்னொன்று பெரியது. செல்லுக்குள் கயிறு இழுக்கிற வேலை அதற்கு. அது இழுத்தால்தான் செல் நகரும். இரண்டுக்கும் எழுத்தும் எண்ணுமாக நீளமான பெயர்கள் உண்டு. ஹில்டா அவற்றுக்குக் குட்டி என்றும் இழுப்பான் என்றும் பெயர் வைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் சுந்தரியும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். குட்டி போய் இழுப்பானின் கையைப் பிடிக்கிறதா? பிடித்தால் செல் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அந்தப் பிடியை விடுவிக்க மருந்து தேடலாம். பிடிக்கவில்லை என்றால் மூன்று வருஷம் வீண்.

"இவ்ளோ சின்னது கை பிடிக்குதா இல்லையான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று ஹில்டா கேட்டாள்.

"செல்லை உடைச்சு பஃபர்ல போடுவோம். அதுல குட்டியை மட்டும் பிடிக்கிற மாதிரி ஒரு ஆன்டிபாடி, சின்னச் சின்ன மணியில ஒட்டி வெச்சு உள்ள விடுவோம். மணியை வெளிய எடுத்தா குட்டி வரும். அது கையைப் பிடிச்சிருக்கிறவங்களும் கூடவே வருவாங்க. இழுப்பான் வந்துச்சுன்னா தாள்ல ஒரு கோடு விழும்."

ஹில்டா கொஞ்ச நேரம் டீயை ஆற்றினாள். "கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளையோட சித்தப்பாவை மேடைக்குக் கூப்பிடுறாங்க. கூடவே ஒரு அம்மா எந்திரிச்சு வந்தா, அதான் சித்தி."

சுந்தரி சிரித்துவிட்டாள். "கரெக்ட்."

"ஆனா யாரைக் கூப்பிட்டாலும் கூடவே எந்திரிச்சு வர ஆளு ஒருத்தர் இருப்பாரே, போட்டோல விழறதுக்கு? அவரை என்ன பண்ணுவீங்க?"

சுந்தரி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். "அதுக்குத்தான் யாரையும் கூப்பிடாம, வெறும் மேடையை மட்டும் ஒரு தரம் பார்ப்போம். ஆன்டிபாடி இல்லாம வெறும் மணி. அதுலயும் கோடு விழுந்தா அந்த ஆளு பந்திக்கு வந்தவர்னு அர்த்தம்."

அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். சுத்தமான தண்ணீருக்குக்கூட அவர்களுக்குள் ஒரு பேர் வந்துவிட்டது. "அக்கா, நல்ல தண்ணி இருக்கா?" என்பாள் சுந்தரி. வீட்டில் உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு வருகிற ஹில்டாவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பின்னால் வந்த வினை முழுக்க இந்த இரண்டு சொற்களில்தான் ஒளிந்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், புதன்கிழமை மத்தியானம் மெஷின் படுத்துவிட்டது. அப்படி ஆகும்போது பல்லாவரத்தில் ஒரு கெமிக்கல் கடையிலிருந்து சுத்திகரித்த தண்ணீரைக் கேனில் வாங்கி வருவது வழக்கம். வாங்கி வருகிறவர் அரிகிருஷ்ணன். கட்டடத்தின் மின்சாரம், தண்ணீர், லிஃப்ட் எல்லாம் அவர் பொறுப்பு. மாடம்பாக்கத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. அப்பா காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது மூன்று மாடி வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். சும்மா உட்கார முடியாமல்தான் வேலைக்கு வருகிறார். ஹில்டா அவருக்குப் போன் செய்து ஒரே மூச்சில் சொன்னாள்: "அண்ணா, மெஷின் போயிடுச்சு, நாளைக்குக் காலைல நல்ல தண்ணி ரெண்டு கேன் வேணும்." மற்ற நாட்களில் "டிஸ்டில்டு வாட்டர்" என்று சொல்கிறவள், அன்றைக்கு இப்படிச் சொன்னோம் என்பதையே கவனிக்கவில்லை.

மறுநாள் பெரிய வியாழன். காலையில் வந்தபோது அவள் மேஜையருகே இரண்டு கேன்கள் இருந்தன. அன்றைக்கு அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு, சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார், அந்தப் பன்னிரண்டில் இந்த வருஷம் அவள் புருஷன் ஜெரோம் ஒருவன். ஜெரோமுக்கு மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பாதத்தில் கிரீஸ் படிந்து இருபது வருஷம் ஆகிறது. ஊருக்கு முன்னால் சாமியார் அந்தக் காலைத் தொட வேண்டுமென்றால் முதலில் வீட்டில் பெண்டாட்டி கழுவியாக வேண்டும். கழுவப் போகிற காலைக் கழுவி அனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காகச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். மீட்டர் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அடுத்த அறையில் இருந்தது. பல்லாவரத்துக் கடைத் தண்ணீர் என்றைக்குமே தப்பாக வந்ததில்லை. ஹில்டா பஃபரைக் கலந்தாள். டிக் போட்டாள். பதினாறு வருஷத்தில் பார்க்காமல் போட்ட ஒரே டிக்.

ஜெரோமின் கால்கள் அன்று கோயிலில் தாமரையாக இருந்தன. அதை இங்கே சொல்லாவிட்டால் ஹில்டா வருத்தப்படுவாள்.

சுந்தரி சனிக்கிழமை வந்து அந்த பஃபரில் சோதனையைத் தொடங்கினாள். ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை தாளில் கோடு விழுந்தது. மங்கலாக அல்ல, மை வைத்து இழுத்தாற்போல. வெறும் மணி போட்ட பக்கம் துடைத்துவிட்ட மாதிரி காலி. சுந்தரி ஓடி வந்து ஹில்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, குட்டி இழுப்பானைக் கூட்டிட்டு வந்துடுச்சு!" அடுத்த அரை மணியில் தாம்பரம் கடையிலிருந்து மைசூர்பாகு வந்தது. லேபின் தலைவர் தோத்தாத்ரி இனிப்பே தொடாதவர், அன்றைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அதோடு சரி. எந்தச் சோதனையும் மறுபடி செய்தபோதும் அதே விடை தர வேண்டும், இல்லாவிட்டால் அது விடையே இல்லை. அடுத்த வாரம் செய்தபோது கோடு இல்லை. பழைய பஃபர் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஹில்டாவே போட்ட சட்டம், அதனால் அதை எப்போதோ ஊற்றியாகிவிட்டது. மெஷினும் சரியாகிவிட்டது. புதுத் தண்ணீரில் புது பஃபர், கோடு இல்லை. புதுச் செல், கோடு இல்லை. புது ஆன்டிபாடி வரவழைத்தார்கள், அப்போதும் இல்லை. நடுவில் நிபுணர் குழு ஒன்று லேபைப் பார்க்க வந்தது. தோத்தாத்ரி பெருமையாக அந்தக் கோட்டைக் காட்டினார். குழுவில் ஒருவர், "இது எத்தனை தடவை வந்தது?" என்று கேட்டார். சுந்தரி "ஒரு தடவை" என்றாள். கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லேப் என்றால் மட்டும் வேறா? "படத்துல கோட்டை ஒட்டியிருப்பாங்களோ" என்று யாரோ ஒருவர் கைகழுவும் இடத்தில் சொன்னது ஹில்டாவின் காதிலும் விழுந்தது. தோத்தாத்ரி சுந்தரியின் நோட்டுப் புத்தகத்தையும் மூலப் படங்களையும் வாங்கிப் பீரோவில் பூட்டினார். பொய் விடை தயாரித்தவள் என்று பெயர் வந்துவிட்டால் அதன் பிறகு எந்த லேபும் சுந்தரியைச் சேர்க்காது. ஏழு வாரத்தில் அவள் பாதியாகிப் போனாள். டீ நேரத்தில் ஸ்டூலில் வந்து உட்காருவாள், டீயைக் குடிக்காமலே எழுந்து போவாள். ஒருநாள் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே, "என் கைதான் ஏதோ தப்பு பண்ணுதோக்கா?" என்று கேட்டாள். இந்தப் பெண் பொய் சொல்லமாட்டாள் என்று ஹில்டாவுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் அந்தக் கோடு ஒரு நாள் மட்டும் ஏன் வந்தது? இந்தக் கேள்வியோடு அவள் சாப்பிட்டாள், ஸ்கூட்டர் ஓட்டினாள், ஜெபமாலை சொன்னாள்.

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை, கழுவும் அறையைச் சுத்தம் செய்தபோது, தொட்டிக்கு அடியில் ஒரு கேன் கிடந்தது. மூடி இல்லை. அந்த வியாழக்கிழமை மிச்சமான தண்ணீர், கோடை வெயிலில் வற்றிப்போயிருந்தது. ஹில்டா கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். வற்றிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வளையம் படிந்திருந்தது.

அவள் கை அப்படியே நின்றது. சுத்தமான தண்ணீர் வற்றினால் எதுவும் மிஞ்சாது. இந்த வளையத்தை அவள் வேறொரு இடத்தில் தினமும் பார்க்கிறாள், தன் வீட்டு வாளியில்.

அரிகிருஷ்ணன் மாடிப்படியில் டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பெரிய வியாழன் அன்னிக்கு ரெண்டு கேன் தண்ணி வெச்சிருந்தீங்களே, பல்லாவரம் கடைல வாங்கினதுதானே?"

"எந்தக் கட? அது நம்ம வூட்டுக் கெணத்துத் தண்ணிம்மா."

"கெணத்துத் தண்ணியா!"

"இன்னாத்துக்கு இப்டி அலறுற? நீதான போன்ல நல்ல தண்ணி வோணும்னு கேட்ட? மெஷினு பூடுச்சு, குடிக்கத் தண்ணி இல்ல போல கீதுன்னு விடிகாலைல எந்திரிச்சு மொண்டாந்தேன். மாடம்பாக்கத்துல நல்ல தண்ணின்னா எங்கூட்டுக் கெணறுதான். சுத்துப்பட்டுல எல்லாரும் வந்து மொண்டுகினு போவாங்க. டீ போட்டுப் பாத்தியா, இன்னா ருசி?"

ஹில்டா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மேல் குற்றமே இல்லை. அவருக்கு நல்ல தண்ணீர் என்றால் நாக்குக்கு நல்லது. நாக்குக்கு ருசி தருவது அதிலிருக்கிற சுண்ணாம்பும் உப்பும்தான். லேபுக்கு நல்ல தண்ணீர் என்றால் எதுவுமே இல்லாதது. ஒரே பேர், நேரெதிரான இரண்டு தண்ணீர்கள். நடுவில் நின்று பார்த்திருக்க வேண்டியது மீட்டர். அதை எடுக்காதவள் அவள்.

மறுநாள் அவர் ஆசையாக ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஹில்டா யாருமில்லாத நேரம் மீட்டரை முக்கினாள். ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டிய எண் ஆயிரத்து நூற்று நாற்பது காட்டியது.

இங்கே ஹில்டாவை நல்லவளாகக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்றாள், அங்கேயும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சுந்தரி எதிரே உட்கார்ந்திருந்தாள், அப்போதும் வாய் வரவில்லை. முன்பு ஒரு டெக்னீஷியன் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்க்காமலே எழுதினான் என்று தோத்தாத்ரி அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டார். அந்தப் பயம் ஒரு பக்கம். தண்ணீரால் கோடு வருமா, கெட்டுத்தானே போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் விட, ஹில்டாவின் டிக் என்று ஒரு பேர் இருந்ததே, அது போய்விடும் என்கிற கூச்சம். ஜெரோம் மட்டும், "ஏன்டி சோறு எறங்கல?" என்று கேட்டான். உப்பு கூடிப்போச்சு என்றாள்.

செவ்வாய்க்கிழமை தோத்தாத்ரி சுந்தரியைத் தன் அறைக்கு வரச் சொன்னார். ஹில்டாவையும் தண்ணீர் ரிஜிஸ்டரோடு கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒன்று ஒன்றாகக் கழித்துப் பார்த்து முடிவுக்கு வருகிற மனுஷர்.

"செல் சரியா இருக்கு, ஆன்டிபாடி சரியா இருக்கு. பஃபர்ல ஏதாவது தப்பு இருந்திருக்குமோன்னு கடைசியா ஒரு சந்தேகம்." ரிஜிஸ்டரை விரித்து அந்த வியாழக்கிழமையில் விரலை வைத்தார். "இங்க மிஸஸ் ஹில்டா டிக் போட்டிருக்காங்க. பதினாறு வருஷமா பார்க்கறேன், அவங்க டிக் பொய் சொல்லாது. அப்ப மிச்சம் இருக்கறது ஒண்ணுதான் சுந்தரி. அந்தப் படம்."

மேஜை விளிம்பைப் பிடித்திருந்த சுந்தரியின் விரல்கள் வெளுத்திருந்தன.

தன்னைப் புகழ்ந்த வார்த்தைகளே சுந்தரியின் கழுத்தை அறுக்கின்றன என்பது ஹில்டாவுக்கு உறைத்தது. அவள் பயந்து பயந்து காப்பாற்றிய பேர், இப்போது இன்னொருத்திக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் பார்க்கல சார்."

"என்ன?"

"அன்னிக்கு மீட்டர் வெச்சுப் பார்க்கல. பார்க்காமயே டிக் போட்டேன். அது கடைத் தண்ணியும் இல்ல. மாடம்பாக்கம் கெணத்துத் தண்ணி. நான் கேட்ட விதம் தப்பு, அரி அண்ணா மேல தப்பு இல்ல. எண் ஆயிரத்து நூத்தி நாப்பது சார்."

தோத்தாத்ரியின் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சுந்தரி எழுந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வரும் என்று ஹில்டா நினைத்தாள். ஆனால் அந்தக் கண்களில், ஏழு வாரமாக அணைந்திருந்த ஏதோ ஒன்று எரிய ஆரம்பித்திருந்தது.

"கெணத்துத் தண்ணில கால்சியம் இருக்கும்" என்றாள் மெதுவாக. "சார், நம்ம பஃபர்ல கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கிற மருந்து போடறோம். புரதத்தை அரிக்கற சில என்சைம்களுக்கு அது கெடைக்கக் கூடாதுன்னு, எல்லா லேப்லயும் போடறோம். ஏன்னு யோசிக்கறதே இல்ல. கெணத்துல சுண்ணாம்பு அதைவிட அதிகமா இருந்திருந்தா? கவ்வினது போக மிச்சம் இருந்திருக்கும். குட்டிக்கு அந்தக் கால்சியம் கெடைச்சாதான் கை விரியுமோ என்னவோ!"

தோத்தாத்ரி நாற்காலியில் சாய்ந்தார். கோபமும் ஆர்வமும் அவருக்குள் சண்டை போட்டன. ஆராய்ச்சிக்காரரிடம் கடைசியில் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "பார்த்துடலாம். ஆனா எந்தக் குழாய்ல எது இருக்குன்னு உனக்குத் தெரியக் கூடாது. நானே நம்பர் போடறேன்."

ஒன்றில் சுத்தமான தண்ணீர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் சுத்தமான தண்ணீரோடு அளந்து போட்ட கால்சியம். ஹில்டா தயங்கித் தயங்கி, "நாலாவது ஒண்ணு வைக்கலாமா சார்?" என்றாள். "கெணத்துத் தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சு வடிகட்டினா சுண்ணாம்பு பெரும்பாலும் அடியில தங்கிடும். எங்க வீட்டுக் கெட்டில்ல பார்க்கறேனே. அதுல கோடு வரலன்னா, வேற எதுவும் இல்ல, சுண்ணாம்புதான்னு ஆகும் இல்லையா?" தோத்தாத்ரி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கேன்டீன் கெட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்.

இந்த முறை ஹில்டா ஒவ்வொரு தண்ணீரிலும் மீட்டரை மூன்று தடவை முக்கினாள். கலந்த பஃபர்களுக்குத் தோத்தாத்ரி எண் போட்டு, எது எது என்ற பட்டியலை உறையில் ஒட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் துணையாக வெறும் மணி போட்ட ஒரு குழாய். மொத்தம் எட்டு.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்குத் தாள் வந்தது. வெறும் மணிகள் நான்கும் காலி. மூன்றாம் எண்ணில் கோடு, கறுப்பாக, நன்றாக. ஒன்றாம் எண்ணிலும் கோடு. நான்கில் இருந்தும் இல்லாத மாதிரி ஒரு நிழல். இரண்டில் எதுவுமில்லை. தோத்தாத்ரி உறையைக் கிழித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: "மூணு, கெணறு. ஒண்ணு, கால்சியம். நாலு, கொதிக்க வெச்சது. ரெண்டு, சுத்தத் தண்ணி."

பீரோவைத் திறந்து சுந்தரியின் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அவரிடமிருந்து அந்தச் சொல்லை அந்த லேபில் அதுவரை யாரும் கேட்டதில்லை. பிறகு ஹில்டா பக்கம் திரும்பி, "உங்களுக்கு மெமோ உண்டு" என்றார். அவள் தலையாட்டினாள். அது கிடைக்காவிட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வந்திருக்காது.

டீ நேரத்தில் சுந்தரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். "செல்லுக்குள்ள கால்சியம் ரொம்பக் கொஞ்சமா இருக்கும்க்கா. ஏதாவது சேதி வந்தா ஒரு நொடி சர்ருனு ஏறும், அப்புறம் எறங்கிடும். அந்த ஏத்தத்துலதான் குட்டி போய் இழுப்பானைப் பிடிக்குதுன்னா, ரெண்டு பேரும் எப்பவும் ஒட்டிக்கிட்டே இருக்கிறவங்க இல்ல. நேரம் வந்தா மட்டும். உயிரோட இருக்கிற செல்லுல அப்படித்தானான்னு இனிமேதான் பார்க்கணும்."

"அந்த நேரம் வந்துடுச்சுன்னு சேதி சொல்றது யாரு?"

"பாருங்க, அடுத்த கேள்வி வந்துடுச்சு!" சிரித்துக்கொண்டே டீயை எடுத்தவள், ஏதோ நினைவு வந்தாற்போல நிறுத்தினாள். "அது கெணத்துத் தண்ணின்னு உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது? திங்கட்கிழமையா?"

பொய் சொல்ல நல்ல இடம். அவளே ஒரு நாளையும் எடுத்துக் கொடுத்திருந்தாள். ஹில்டா அந்த நாளைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"போன வெள்ளிக்கிழமை."

சுந்தரி விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணினாள் என்பது தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நான் ராஜினாமா லெட்டர் எழுதினேன்" என்றாள். "எங்க அம்மா பக்கத்துல உட்கார்ந்து அழுதுட்டிருந்தாங்க." குரலில் கோபம்கூட இல்லை. எழுந்து போய்விட்டாள்.

திட்டியிருந்தால் ஹில்டா தாங்கியிருப்பாள். அன்று சாயங்காலம் அவள் ரிஜிஸ்டரை எடுத்து, அந்த வியாழக்கிழமை டிக்கின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தில் டிக்கே கிடையாது. மீட்டர் காட்டிய எண்ணை எழுதுகிறாள்.

திங்கட்கிழமை சுந்தரி வாசலில் வந்து நின்றாள். "அக்கா" வரவில்லை. "நல்ல தண்ணி" வரவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

ஹில்டாவுக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "சைபர் புள்ளி ஏழு" என்றாள். சுந்தரி எட்டி ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். ஜூலை முழுக்கக் கேட்டாள். சைபர் புள்ளி ஏழு, சைபர் புள்ளி எட்டு, ஒரு நாள் சைபர் புள்ளி ஆறு. கேட்பது நியாயம் என்று ஹில்டாவுக்குத் தெரியும். நியாயம் என்பதால் வலி குறைந்துவிடுமா?

ஆகஸ்டில் ஒரு காலை சுந்தரி அவசரமாக உள்ளே வந்தாள். உயிருள்ள செல்லில் பார்க்கிற சோதனைக்கு அன்றுதான் முதல் நாள். "அக்கா, நல்ல தண்ணி குடுங்க, சீக்கிரம்" என்று கையை நீட்டினாள். எண்ணைக் கேட்க மறந்துவிட்டாள்.

ஹில்டா பாட்டிலைக் கொடுத்தாள். பாட்டிலிலிருந்து கையை எடுக்காமலே, "சைபர் புள்ளி ஏழு" என்றாள்.